உதிர்ந்த பூவின் எடை

கோதண்ட பூபதி என்றொரு ராஜா மருதநாட்டை ஆண்ட காலம் அது. எந்தக் காலம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ராஜா முகம் சுளித்தால் ஊர் சாப்பிட மறக்கும், ராஜா சிரித்தால் ஊரே பல்லைக் காட்டும், அப்படி ஒரு காலம்.

அவர் அரண்மனையில் மாலை கட்டும் பெண்களுக்குத் தலைவி செங்கமலம். சபைக்கு வரச்சொல்லி ஆள் வந்ததிலிருந்து அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ராஜா கேட்டால் எங்கே ஆரம்பிப்பது, எதை விடுவது? தப்பாகச் சொல்லித் தொலைத்துவிட்டால்? போன தடவையும் வாய்தானே கெடுத்தது.

போன தடவை நடந்தது இது. அயல்நாட்டுத் தூதர்கள் முன்னால் ராஜா மல்லிகை மாலையோடு வீற்றிருந்தார். இருமினார், நாலு பூ உதிர்ந்தது. சிரித்தார், ஒரு கைப்பிடி உதிர்ந்தது. தூதர்கள் கிளம்பும்போது கழுத்தில் வெறும் வாழைநார்தான் மிச்சம். அரண்மனை மணியக்காரர் திருவேங்கடம் உடனே பூமயில் என்ற பெண்ணைக் கை காட்டினார். "இந்தச் சோம்பேறி கட்டிய மாலை, மகாராஜா."

ராஜா செங்கமலத்தைப் பார்த்து, "உங்களுக்கு வேலையில் ஏதாவது கஷ்டமா?" என்று கேட்டார். மணியக்காரர் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று செருமினார்.

"ஒரு குறையும் இல்லை, மகாராஜா" என்றாள் செங்கமலம்.

குறை இல்லையென்றால் சோம்பல்தானே? பூமயிலின் வேலை போயிற்று. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது அவள், "இருக்கட்டும் அக்கா" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை.

அவள் போன பிறகும் பூ உதிர்ந்தது. அதனால்தான் இன்று சபை கூடியிருக்கிறது.

"இன்னும் ரெண்டு பேரை விரட்டினால் சரியாகிவிடும்" என்றார் மணியக்காரர்.

"எல்லாரையும் விரட்டிவிட்டு நீரே கட்டும். விரல் வாகாகத்தான் இருக்கிறது" என்றார் மந்திரி ஏகாம்பரர். சபை சிரித்தது. மந்திரி ராஜாவிடம் திரும்பி, "பெண்கள் மனசில் பாரம் இருக்கிறது, அரசே. அதுதான் உதிர்கிறது" என்றார்.

மந்திரி மேல் மணியக்காரருக்கு எப்போதும் காய்ச்சல். "மனப் பாரத்தை எந்தத் தராசில் நிறுப்பாராம் மந்திரியார்?"

"பூக்கடைத் தராசு போதும்."

ராஜாவுக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. "நிறுத்துக் காட்டும். காட்டினால் அந்தப் பூமயிலைத் திரும்ப அழைக்கிறேன். காட்டாவிட்டால் மற்றப் பெண்களும் வீட்டுக்குப் போகட்டும். உம் பதவி திருவேங்கடத்துக்கு."

மந்திரி செங்கமலத்திடம் வந்தார். "சொல்லும்மா, கஷ்டம் உண்டா?"

பின்னால் அதே செருமல். செங்கமலம் வாயைத் திறந்தாள், மூடினாள். மந்திரி, "சரி, வாயை விடு. விரலைக் கேட்போம்" என்றார்.

முதல் நாள் பெண்கள் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுக் கட்டினார்கள். மேற்பார்க்க யாரும் இல்லை. தரையில் உதிர்ந்ததைக் கூட்டித் தராசில் போட்டால் தட்டு அசையக்கூட இல்லை. மறுநாள் மணியக்காரரின் வழக்கப்படி, ராஜாவின் மாலை முடியும்வரை பச்சைத் தண்ணீரும் கிடையாது. தட்டு கொஞ்சம் இறங்கியது. அதற்கடுத்த நாள் சாப்பாடு போட்டு, மணியக்காரரை மட்டும் பின்னால் நிறுத்தினார்கள். தட்டு நன்றாகவே இறங்கியது.

"பூ அதே பூ, நார் அதே நார், கட்டிய கையும் அதே கை" என்றார் மந்திரி. "பயந்த விரல் நாரை இறுக்கும். இறுக்கினால் காம்பு அறும்."

மணியக்காரர் விடவில்லை. "என்னைக் கண்டால் நடிக்கிறார்கள், மகாராஜா. தாங்கள் பின்னால் நின்று பாருங்கள். பக்தியில் ஒரு பூ உதிராது."

ராஜா மீசையைத் தடவிக்கொண்டு வந்து நின்றார். நின்றதோடு சரி, வேறொன்றும் செய்யவில்லை. செங்கமலத்தின் மடியில், பலகையில், தரையில் எங்கும் மல்லிகை உதிர்ந்தது. அள்ளிப் போட்டபோது தட்டு 'டொக்'கென்று தரையில் இடித்தது.

"நான் ஒரு வார்த்தையும் பேசவில்லையே" என்றார் ராஜா. குரல் சின்னதாக இருந்தது.

"பேசியிருந்தால் பெரிய தராசு தேட வேண்டியிருக்கும், அரசே."

ராஜா தன் முத்தாரத்தைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். மணியக்காரரைச் சபை நடுவில் உட்காரவைத்து, ஒரு பூ உதிராத மாலை கட்டும்வரை எழுந்திருக்கக் கூடாது என்றார். அவருக்குப் பின்னால் போய் நின்று ஏகாம்பரர் லேசாகச் செருமினார். பிறகு ராஜா ஆணை போட்டார்: இனி மாலை கட்டுகிறவர்கள் முதலில் சாப்பிட வேண்டும், அவர்கள் பின்னால் யாரும் நிற்கக் கூடாது, பூமயில் வர வேண்டும்.

பூமயில் மறுநாளே வந்தாள். குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்தாள். "அக்கா, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டாள். செங்கமலத்துக்கு மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். தன்னைக் காப்பாற்றியதும் இவளைக் காப்பாற்றியதும் ஒரு தராசுதான், தன் நாக்கு இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

ஆணை இருக்கிறது. ஆனால் ஆணை போட்டவர் ராஜா. நாளைக்கு அவர் மனசு எப்படியோ?

செங்கமலம் எழுந்தாள். தன் பலகையை இழுத்துக்கொண்டுபோய்ச் சுவரை ஒட்டிப் போட்டு, முதுகு சுவரில் படும்படி உட்கார்ந்தாள். இனி யாரும் அவள் பின்னால் நிற்க முடியாது. அங்கே உட்கார்ந்தால் நேர் எதிரே பூமயிலின் முகம். நாள் முழுக்க நிமிரும்போதெல்லாம் அதைத்தான் பார்த்தாக வேண்டும்.

அவள் குனிந்து நாரை எடுத்தாள்.