ஒன் மோர்

"நாலு நிமிஷத்துக்கு எட்டாயிரமா?" என்று கேட்டார் சூசைமாணிக்கம்.

"ஆமா அண்ணாச்சி," என்றார் செண்பகவல்லி டீச்சர்.

"எட்டாயிரத்துக்கு நான் ஒரு கல்யாணத்தையே முடிச்சுக் குடுத்துருவேன் டீச்சர். ரிசப்ஷன், பந்தி, மொய் எழுதுத ஆளு வரைக்கும். மணிக்கணக்குல ஓடும்."

"அதை யாராவது பாக்காங்களா?"

சூசைமாணிக்கம் தூத்துக்குடியில் முப்பத்தோரு வருஷமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறவர். கேசட்டில் கொடுத்தார், சி.டி.யில் கொடுத்தார், இப்போது பென்டிரைவில் கொடுக்கிறார். முழுசாகப் பார்த்தோம் என்று இதுவரை ஒரு வீட்டார் சொன்னதில்லை.

அவருக்கு ஐம்பத்தேழு வயது. டீச்சருக்கு முப்பத்து மூன்று. அதனால் என்ன? தெரிந்தவரிடம்தானே போய் நிற்க வேண்டும். டீச்சர் பகலில் பள்ளிக்கூடத்தில் வேதியியல் எடுப்பார். லீவு நாளில் வீட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு எட்டு எம்.எம். பிலிம் கழுவுவார். ஊரில் அந்த வேலை தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான்.

"ரோல் மூவாயிரம்," என்றார் டீச்சர். "வெளிநாட்டுல இருந்து அது வந்து சேர்ற கூலி, வரி, கழுவுத மருந்து எல்லாம் சேத்து அஞ்சாயிரம்."

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்."

"அதுவும் பாதி விலைதான் அண்ணாச்சி."

"பாதியா! மீதி என்ன, ஜி.எஸ்.டி.யா?"

டீச்சர் சிரிக்கவில்லை.

"எடுக்கும்போது தெரியும்."

சூசைமாணிக்கம் சட்டைப் பையில் இருந்த பணத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"போன்ல எடுத்தா காசே இல்லையே," என்றார் டீச்சர். "யாரை எடுக்கணும்?"

"வீட்டுக்காரியை."

அவர் மனைவி லூர்தம்மாளுக்கு இடது தாடையில் ஒரு கட்டி. அடுத்த மாசம் மதுரையில் ஆபரேஷன். எலும்போடு எடுக்க வேண்டும், முகம் கொஞ்சம் மாறும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று லூர்தம்மாள் கேட்டாள். டாக்டர் பேனாவை மூடித் திறந்தார்.

ஊரார் கல்யாணத்தையெல்லாம் ஓடி ஓடி எடுத்தவரிடம் சொந்த மனைவியின் படம் ஒரு நிமிஷம்கூட இல்லை. கேமரா என்றாலே அவள் அடுக்களைக்குள் போய்விடுவாள். இப்போதுதான் முதல்முறையாக, எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறாள்.

"போன் வேண்டாம்னுட்டா டீச்சர். 'போன்ல இருந்தா அதையே தினம் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பீங்க, எதிர்ல இருக்கிற என்னைப் பாக்க மாட்டீங்க'ன்னு சொல்லுதா. அந்தக் காலத்துப் படச்சுருள்னா ஜன்னலைச் சாத்தணும், துணி கட்டணும், மிஷின் வைக்கணும். வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல பாக்க மாட்டேனாம்."

டீச்சர் எழுந்துபோய் ஒரு கேமராவைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார். சின்னது, ஆனால் கனமாக இருந்தது. பக்கவாட்டில் ஒரு சாவி.

"சாவி குடுத்தா அரை நிமிஷம் ஓடும். ஒரு பக்கம் ரெண்டு நிமிஷப் படம். அது தீந்ததும் உள்ள இருக்கிற சுருளைத் திருப்பிப் போட்டா மறு பக்கம் ரெண்டு நிமிஷம்."

"சரி."

"இப்ப இதுல பிலிம் இல்ல. மூணு வாரம் வெறுமனே எடுத்துப் பழகுங்க. ஒரு சொல்லு மட்டும் சொல்லக் கூடாது."

"என்ன சொல்லு?"

"ஒன் மோர்."

சூசைமாணிக்கத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. அது அவருடைய தொழில் மந்திரம். மாலை மாற்றும்போது ஒன் மோர். நெற்றியில் சிலுவை போடும்போது ஒன் மோர். அவர் சொன்னதால் இரண்டு முறை தாலி கட்டிய மாப்பிள்ளைகள் இந்த ஜில்லாவில் ஏராளம். ஒரு துட்டி வீட்டில் பெட்டியை மூடியபோது கை ஆடிப்போய், பழக்க தோஷத்தில் "ஒன் மோர்" என்று சொல்லிவிட்டார். செத்தவருடைய மருமகன் அடிக்க வந்துவிட்டான்.

மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தார்.

"சொன்னீங்களா?" என்று கேட்டார் டீச்சர்.

"ஒரே ஒரு தடவை. டீ மாஸ்டர் உசரமா ஆத்தினாரு. நல்லா விழலைன்னு ஒன் மோர்னுட்டேன்."

"ஆத்தினாரா?"

"ஆத்தி எனக்கு முன்னால வச்சுட்டாரு. பன்னண்டு ரூபா. குடிச்சுட்டுத்தான் வந்தேன்."

டீச்சர் கேமராவைத் திறந்து ரோலை மாட்டிக் கொடுத்தார்.

மதுரைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் காலை. லூர்தம்மாள் கொல்லைப்புறப் படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். வெயில் அவளுடைய வலது பக்கத்தில் விழுந்தது.

"நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். கீரையை உருவு."

"இப்படி யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

சூசைமாணிக்கம் முட்டி போட்டு உட்கார்ந்தார். சாவி கொடுத்தார், அழுத்தினார். அவளுடைய விரல்களை எடுத்தார். காதோரத்து நரையை எடுத்தார். வீங்கின பக்கத்தையும் எடுத்தார், அவள் அதை மறைக்கவில்லை. அவருக்குப் பயமாக இருந்தது. வாழ்க்கையில் எந்தக் கல்யாணத்திலும் அவர் இப்படிப் பயந்ததில்லை.

நாலாவது சாவி. லூர்தம்மாள் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"நாக்கை ஏன் இப்படித் துருத்திக்கிட்டு இருக்கீங்க? படம் எடுக்கப்ப எல்லாம் இப்படித்தானா? அத்தனை கல்யாணத்துலயுமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கேமராவின் சத்தம் மாறியது. ஒரு பக்கம் தீர்ந்துவிட்டது.

அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். நாலு மாசமாக அவர் பார்க்காத சிரிப்பு. பிறகு கை தானாகத் தாடைக்குப் போயிற்று. தலை குனிந்தது. மடியில் இருந்த கீரை சரிந்து படியில் கொட்டியது. வலி அடங்கும்வரை அவள் அப்படியே இருந்தாள். நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர் நின்றது.

சூசைமாணிக்கத்துக்கு அந்தச் சிரிப்பு வேண்டும்போல இருந்தது. எட்டாயிரமும் அந்த ஒரு சிரிப்புக்குத்தான் என்று தோன்றியது. வாய் திறந்துவிட்டது.

அந்த வாயை லூர்தம்மாளுக்குத் தெரியாதா?

"விழலையா?" என்று கேட்டாள்.

"இல்ல. தீந்துபோச்சு."

"அதுக்கென்ன. திருப்பிப் போடுங்க." முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டுச் சேலையைச் சரிசெய்துகொண்டாள். "ஒன் மோர்தான? சிரிக்கேன்."

அவர் கேமராவைக் கீழே வைத்துவிட்டு, சிந்தின கீரையைப் பொறுக்கத் தொடங்கினார்.

"ரொம்ப வலிக்கா லூர்து?"

"சிரிச்சா மட்டும்தான்."

அன்றைக்கு மத்தியானம் கேமராவைத் திறக்காமலே டீச்சரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். டீச்சர் அதை வாங்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே கும்மிருட்டு. விரலால் தடவித்தான் சுருளை எடுக்க வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் கதவுக்கு உள்ளிருந்து குரல் வந்தது.

"அண்ணாச்சி, சுருளைத் திருப்பிப் போடவே இல்லையே."

"ஆமா."

"மறந்துட்டீங்களா?"

"இல்ல டீச்சர்."

"மறு பக்கம் முழுசாக் கிடக்கு. மணி ரெண்டரைதான ஆகுது? நல்ல வெயில் இருக்கு. நானே திருப்பி மாட்டித் தாரேன், ஓடிப்போய் எடுத்துட்டு வந்துருங்க. இல்லைன்னா நாலாயிரம் ரூவா வீணாப் போயிரும்."

சூசைமாணிக்கம் சாத்தின கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாளைக்குக் காலையில் மதுரை பஸ்.

"அப்படியே கழுவிருங்க டீச்சர்," என்றார். "கட்டுபடியாகாது."