மழவராயர் கட்டிய வாசல்

உங்கள் ஊருக்கு ஒரு நல்ல காரியம் ஆக வேண்டும். அதற்கான பணமும் அதிகாரி கையில் இருக்கிறது. ஆனால் அதை எதற்குச் செலவழிப்பது என்பது முழுக்க அவர் இஷ்டம். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

மருக்கொழுந்து நேரே ராஜாவிடம் போனாள். அப்போது அவள் ஐந்து மாதப் பிள்ளைத்தாய்ச்சி.

அந்த நாட்டு ராஜா இளவழுதி வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு சீமை அதிகாரிக்கும் ஒரு முடிப்புப் பொன் கொடுப்பார். அதற்கு மனக்கொடை என்று பேர். ஊருக்குப் பொதுவாக எதை வேண்டுமானாலும் அதிகாரி தன் மனசுப்படி செய்துகொள்ளலாம். ஏன் என்று ராஜாவே கேட்கமாட்டார். செப்பேட்டில் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தார்.

நுரையாற்றுச் சீமைக்கு மழவராயர் அதிகாரி. முதல் வருஷம் சந்தையில் ஒரு கல் யானை வைத்தார். மறு வருஷம் அதற்குத் துணையாக இன்னொரு யானை. மூன்றாம் வருஷம் இரண்டுக்கும் நடுவில் ஒரு குட்டி. இந்த வருஷம் ஆற்றங்கரையில் அலங்கார வாசல் கட்டக் கடைக்கால் போட்டிருந்தார். மதில் கிடையாது, மண்டபம் கிடையாது. வெறும் வாசல்.

"எனக்கு யானை வேண்டாம் சாமி, படகு வேணும்" என்றாள் மருக்கொழுந்து. "நாங்க ஆத்துக்கு அந்தாண்டை, கீழ்க்கரை. மருத்துவச்சி பேச்சாயி இந்தாண்டை. கார்த்திகையில ஆறு ரெண்டு கரையும் போகும். போன தடவை எனக்கு அப்பதான் வலி எடுத்தது. தண்ணி வடிஞ்சு அவங்க வந்து சேர்ந்தப்போ செய்ய ஒண்ணும் மிச்சமில்லை. இந்தத் தடவையும் கார்த்திகைதான்."

ராஜா அவளை அனுப்பிவிட்டு, அவையில் சாதுர்யத்துக்குப் பேர்போன வெண்காடரைக் கூப்பிட்டார்.

"செப்பேட்டில் எழுதிக் கொடுத்தாயிற்று. நான் உத்தரவு போடக்கூடாது. நீர் போய்க் கேட்டால் அதுவும் நான் கேட்டதாகிவிடும். பயமுறுத்தவும் கூடாது. மழவராயர் தானாகப் படகு விட வேண்டும். முடியுமா?"

"முடியும் அரசே. நான் போய் அவர் வாசலைப் பாராட்டிவிட்டு வருகிறேன்."

போனார். கடைக்காலைச் சுற்றிச் சுற்றி வந்து பாராட்டினார். மழவராயருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"திறப்பு எப்போது?"

"தை மாசம். ராஜாவே வர்றார்."

"பிள்ளைக்குச் சொல்லி வச்சாச்சா?"

"எந்தப் பிள்ளை?"

அந்தச் சீமையில் ஒரு வழக்கம். மாட்டுக்கொட்டிலாகவே இருந்தாலும், புது வாசலில் முதல் அடி வைப்பவள் பால்குடிப் பிள்ளையோடு வரும் தாய்தான். கடைக்கால் போட்ட பிறகு பிறந்த பிள்ளையாக இருக்க வேண்டும். வாசல் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து வரவும் வேண்டும். யானை வைத்தே பழகிய மழவராயருக்கு இது மறந்துபோயிருந்தது.

கொத்தனாரைப் பார்த்தார்.

"ஆமாங்கய்யா" என்றார் கொத்தனார். "பிள்ளை வரலைன்னா நானே நுழையமாட்டேன்."

"வாசல் ஆத்தைப் பார்த்துல்ல இருக்கு. திருப்பிக் கட்டினா?"

"கட்டலாம்" என்றார் வெண்காடர். "ஆனா அந்தப் பக்கம் சுடுகாடு. அங்கேருந்து யாரும் வர்றதில்லை."

மழவராயர் ஆற்றையே பார்த்தார். "கீழ்க்கரையில யாராவது முழுகாம இருக்காங்களா?"

"ஒருத்திதான். மருக்கொழுந்துன்னு பேரு. கார்த்திகையில பிறக்கும். போன தடவையும் கார்த்திகைதான். வெள்ளம். மருத்துவச்சி போக முடியலை."

"பிள்ளை?"

வெண்காடர் இல்லையென்று தலையாட்டினார். கொத்தனார் கரணையைக் கீழே வைத்தார்.

மழவராயர் கேட்டார். "ஒரு படகு விட்டா என்ன?"

"அது உங்க இஷ்டம். அதைப் பத்தி நான் வாயே திறக்கக்கூடாது."

படகு வந்தது. மருத்துவச்சி நனையக்கூடாதென்று அதற்குக் கூரை வந்தது. படகோட்டிகள் இரண்டு பேர். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வதென்று மூன்றாவதாக ஒருவர். பேச்சாயி வழுக்கி விழுந்துவிட்டால்? இரண்டு கரையிலும் கல்படி. பிள்ளைத்தாய்ச்சி வெயிலில் தண்ணீர் சுமக்கலாமா? கீழ்க்கரையில் கிணறு. தினமும் காலையில் ஓர் ஆள் படகில் போய் "சாப்பிட்டாளா, தூங்கினாளா" என்று கேட்டு வருவான். கையில் முருங்கைக்கீரை இருக்கும்.

"கீரை போதும்னு அதிகாரிகிட்ட சொல்லுங்க" என்று ஒருநாள் சொல்லி அனுப்பினாள் மருக்கொழுந்து. "வீட்டுல ஆடுகூட திங்க மாட்டேங்குது."

கார்த்திகை பிறந்தது. ஆறு இரண்டு கரையும் போனது. ஒரு காலையில், வலி எடுத்துவிட்டது என்பதற்கு அடையாளமாக, அக்கரையில் சிவப்புத் துணி ஏறியது. மூன்று படகோட்டிகளுமாகப் பேச்சாயியைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மழவராயர் கல்படியில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். மத்தியானம் படகு திரும்பியது.

"பொண்ணுங்கய்யா."

"அழுதுச்சா?"

"இன்னும் நிறுத்தலை."

மழவராயர் குடையை மடக்கினார். மழை விட்டிருக்கவில்லை.

தை மாதம் ராஜா வந்தார். ஆற்றங்கரையில் இரண்டு மூங்கில் நட்டு, குறுக்கே மாவிலை கட்டியிருந்தது.

"வாசல் எங்கே?"

"இதுதான் அரசே" என்றார் மழவராயர். "முடிப்பு காலியாகிவிட்டது."

படகு வந்து நின்றது. மருக்கொழுந்து பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு படியேறி, மாவிலைக்குக் கீழே குனிந்து வந்தாள். பின்னாலேயே கீழ்க்கரைப் பெண்கள் அத்தனை பேரும் வந்தார்கள். ராஜா படகைப் பார்த்தார், படியைப் பார்த்தார், வெண்காடரைப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் பட்டுச் சால்வையை எடுத்து வெண்காடருக்குப் போர்த்தினார். வெண்காடர் அதை நாலாக மடித்துப் பிள்ளைக்குச் சுற்றிவிட்டார்.

மழவராயர் மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாகக் கீழ்க்கரைப் பெண்கள் பக்கம் போய் நின்றார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"வர்ற வருஷம் வாசலைக் கல்லுலேயே கட்டிடலாம்னு இருக்கேன்" என்றார். "உங்கள்ல யாராச்சும் கொஞ்சம் மனசு வைக்கணும்."