இரண்டாம் வீட்டுச் சிலிண்டர்

எங்கள் நாலு வீட்டுக்கும் சேர்த்துக் கார் ஒன்று, மூளையும் ஒன்று. காரை எலி கடித்து நிறுத்திய அன்றைக்கு அந்த மூளை யார் வீட்டில் இருந்ததென்று இதுவரை தகவல் இல்லை. என் வீட்டில் இல்லை என்பதை மட்டும் சத்தியம் பண்ணிச் சொல்லுவேன்.

ஒட்டநாச்சிபுரத்தில் நாங்கள் நாலு பங்காளி வீடு. முதல் வீடு குருவையா அண்ணன். இரண்டாம் வீடு சீனியப்பனாகிய நான். மூன்றாம் வீடு கொம்பையா, நாலாம் வீடு வெயிலுகந்தான். இந்த வரிசை சும்மா வந்ததில்லை. கோயில் கொடைத் திருவிழாவில் யாருக்கு முதல் விபூதி, யாருக்கு அடுத்தது என்று எங்கள் தாத்தாக்கள் பதினேழு வருஷம் கோர்ட்டுக்கு நடந்து வாங்கியது. பூசாரிக்குக் கை வரிசை தப்பினால் அந்த வருஷக் கொடையே நின்றுபோகும். இரண்டு தடவை நின்றிருக்கிறது.

கார் வாங்கும்போதும் ஆளுக்கொரு சிலிண்டர் என்று பேசித்தான் வாங்கினோம். அதற்கு முன்னால் நல்ல மூன்று சிலிண்டர் வண்டி ஒன்று சல்லிசாக வந்தது. வெயிலுகந்தான் எங்கே போவான் என்று விட்டுவிட்டோம்.

எலி கடித்தது, என்ஜினுக்குப் பெட்ரோல் அளந்து கொடுக்கிற கம்ப்யூட்டர் பெட்டியின் வயர்களை. மெக்கானிக் செபஸ்தியான் பார்த்துவிட்டு, இனி இந்தப் பெட்டியே வேண்டாம், பழைய மாதிரி கார்புரேட்டர் போட்டுவிடலாம், அதற்குத் தோதாக வேறு டிஸ்ட்ரிபியூட்டரும் மாட்டவேண்டும் என்றார். டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. நாலு சிலிண்டருக்கும் முறை வைத்து நெருப்புப்பொறி கொடுக்கிற ஒரு குடுவை. மூடியில் நாலு வாய், வாய்க்கு ஒரு வயர். எங்கள் பூசாரி பார்க்கிற வேலைதான்.

கார்புரேட்டரையும் குடுவையையும் மாட்டின கையோடு செபஸ்தியான் வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை கிளம்பிவிட்டார். வயர் கொடுப்பது மட்டும்தான் பாக்கி, போனில் சொல்லுகிறேன், சொன்னதை மட்டும் செய்யுங்கள் என்றார். சொன்னதை மட்டும் செய்வதில் எங்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அவசரம் எனக்குத்தான். மறுநாள் பத்தரைக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் சாத்தூரில் எனக்கு நிச்சயதார்த்தம். வயது முப்பத்தேழு. இது பதினோராவது சம்பந்தம். பத்தாவது சம்பந்தத்துக்குக் கார் இருக்கிறது என்று சொல்லிவிட்டு டவுன் பஸ்ஸில் போய் இறங்கினோம். பொய் சொல்லுகிற குடும்பம் என்று கைகழுவிவிட்டார்கள். இந்தத் தடவையும் கார் போய் நிற்காவிட்டால் நான் கட்டைப் பிரம்மச்சாரிதான்.

முதல் சிலிண்டரை மேலே கொண்டுவந்து நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள் என்பது முதல் உத்தரவு. எங்கள் வண்டியில் முதல் சிலிண்டர் மூக்குப் பக்கம் இருக்கிறது. வண்டியைக் கண்மாய்க்கரை வரைக்கும் தள்ளிப்போய், மூக்கு வானத்தைப் பார்க்கிற மாதிரி கரையில் ஏற்றி, பின்சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்தோம். எங்களுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. குருவையா அண்ணனுக்கு மட்டும் சந்தோஷம், தன் வீடு உசரத்தில் இருக்கிறதாம்.

விவரத்தைச் சொன்னதும் போனில் மாதாவே என்ற சத்தம் கேட்டது. மேலே வரவேண்டியது உள்ளே இருக்கிற பிஸ்டன் என்றார் செபஸ்தியான். பிளக்கைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் விரலை வைத்துக்கொண்டு என்ஜினைக் கையால் சுற்ற வேண்டும், காற்று விரலைத் தள்ளினால் அதுதான் அடையாளமாம். வண்டியை இறக்கிக் கொண்டுவந்து, கொம்பையா விரல் வைத்தான். காற்றும் தள்ளியது. விரலை எடு என்று யாரும் சொல்லாததால் மத்தியானச் சோற்றை அவனுக்கு வெயிலுகந்தான் ஊட்டிவிட்டான்.

அடுத்து, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற வயர் ஒன்றைப் பிடித்துக் கொடுங்கள் என்றார். தேடினதில் வைப்பருக்குப் போகிற வயர் அப்படி இருந்தது. அதைக் கொடுத்தோம். வைப்பர் ஆடினால்தான் என்ஜினுக்கு உயிர் என்று ஆகிப்போனது. ஆனால் சொன்னபடி செய்திருக்கிறோம் அல்லவா, மாற்றவில்லை.

அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. வயர் வரிசை சொல்லும்போதுதான் வினை வந்தது.

“கவனமாக் கேளுங்க. ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு,” என்றார் செபஸ்தியான்.

“ரெண்டு எங்க அண்ணாச்சி வருது?” என்று கேட்டேன்.

“கடைசியில.”

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. போனை வைத்துவிட்டுப் பஞ்சாயத்தைக் கூட்டினேன். நாளைக்கு நிச்சயம் யாருக்கு என்பது எனக்கு மறந்தே போனது. அந்த நேரத்தில் நான் மாப்பிள்ளை இல்லை, இரண்டாம் வீடு.

“ரெண்டாவது இடம் தானா வர்றதை வேண்டாம்னு சொல்ல முடியுமா?” என்றான் கொம்பையா, தரையைப் பார்த்துக்கொண்டு.

“நாலாம் வீடு கடைசியில நிக்காத ஒரு இடம் உலகத்துல இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரியுது,” என்றான் வெயிலுகந்தான். “அதைக் கெடுக்காதண்ணே.”

குருவையா அண்ணன் தொண்டையைச் செருமினார். “தீர்ப்புல ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு இருக்கு. கோர்ட்டை விட என்ஜின் பெருசா?”

தீர்ப்பு நகலை எடுத்துவந்து பானட்டில் விரித்துப் படித்தோம். கார் என்று அதில் ஓர் இடத்திலும் இல்லை. கார் நீங்கலாக என்றும் இல்லை. எனவே தீர்ப்புப்படியே வயரைக் கொடுத்தோம். என் வீட்டு நெருப்பு தன் முறைக்கு வருகிற அழகைப் பார்க்கிறதற்காக நான் கார்புரேட்டர்மேல் குனிந்துகொண்டு, சாவியைப் போடு என்றேன். டமார் என்று ஒரு சத்தம். நிமிர்ந்தபோது எனக்கு இரண்டு புருவமும் இல்லை. கார்புரேட்டர் வழியாகத் திரும்பி வந்தது இரண்டாவது சிலிண்டரின் நெருப்புத்தான் என்று செபஸ்தியான் அப்புறம் சொன்னார். என் வீட்டு நெருப்பு வேறு யாரைச் சுடும்?

“உங்க கோயில் வழக்கை என்ஜின்கிட்டப் பேசாதீங்க,” என்றார் அவர். “ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு. இல்லேன்னா மாப்பிள்ளை என்னை மாதிரி நடந்தே போகட்டும்.”

வேறு வழி இல்லை. அப்படியே மாற்றினோம். வண்டி தேனாட்டம் ஓடியது. எனக்குத்தான் வயிறு எரிந்தது. விடிய விடியப் புரண்டு படுத்தேன். வரிசையில் குறை வைத்தால் எங்கள் ஊரில் ஒரே வழிதான் உண்டு, விபூதி வாங்காமல் ஒதுங்கி நிற்பது. காலையில் பட்டுவேட்டி கட்டின கையோடு போய் என் சிலிண்டர் வயரைப் பிடுங்கி ஓரமாகக் கட்டிவைத்தேன். கடைசிப்பொறி எங்கள் வீட்டுக்கு வேண்டாம் என்றேன். மானஸ்தன் என்று மூன்று வீட்டாரும் கைகொடுத்தார்கள்.

பெண்டுகள் தட்டுச் சாமான்களோடு வேனில் முன்னால் போய்விட்டார்கள். நாங்கள் நாலு பேரும் மூன்று சிலிண்டரில் இருமிக்கொண்டே போனோம். சுள்ளென்று அடிக்கிற வெயிலில் வைப்பர் ஆடிக்கொண்டு வந்தது. வழியில் ஜனங்கள் வானத்தைப் பார்த்தார்கள். ஓர் அம்மாள் காயவைத்த மிளகாயை அள்ளிக்கொண்டு ஓடினாள். ரயில்வே மேம்பாலத்தில் வண்டி ஏறவே மாட்டேன் என்றது. மற்ற மூன்று பேரும் இறங்கித் தள்ளினார்கள். போய்ச் சேரும்போது மணி பதினொன்றரை.

பெண்ணின் அப்பா தவசிலிங்கம் முப்பது வருஷம் லாரி ஓட்டினவர். வாசலில் வண்டி நிற்கும் முன்னாலேயே காதைத் தீட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

“மாப்பிள்ளை, ஒரு சிலிண்டர் வேலை செய்யலியே?”

“அது என்னோடதுதான் மாமா,” என்றேன் பெருமையாக.

கூடியிருந்த ஜனம் வண்டியைச் சுற்றி நெருங்கியது. நான் விபூதியிலிருந்து புருவம் வரைக்கும் ஒன்று விடாமல் விளக்கினேன். அவர் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு கேட்டார். நிலைப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சண்முகவடிவு, அதாவது பெண், அங்கிருந்தே பேசினாள்.

“எங்க வீட்லயும் நாலு பொண்ணு. அக்காவுக்கு முடிஞ்சது, மூணாவது முந்திக்கிட்டா, நாலாவதுக்கும் போன வருஷம் ஆச்சு. நான்தான் ரெண்டாவது. கடைசின்னு சொல்லி நானும் வேண்டாம்னு ஒதுங்கிடட்டுமா?”

ஐயையோ என்று கத்தினேன். பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். கொதிக்கிற என்ஜினில் கை சுடச்சுட என் வயரைக் கடைசி வாயில் செருகினேன். கொம்பையா வைப்பரைப் போட்டுச் சாவியைத் திருப்பினான். வண்டி ஒரு சீராக ஓடியது. சண்முகவடிவு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது தட்டு மாற்றினோம். என் ஆயுளில் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வந்து பார்த்தால், வெயிலுகந்தான் பானட்டைத் திறந்து தன் வயரைக் கடைசி வாய்க்கு மாற்றிக்கொண்டிருக்கிறான். அவனுக்கும் வயது முப்பத்தொன்று ஆகிறது, கடைசியில் இருந்தால்தான் பெண் அமைகிறதாம். தன் மச்சினனுக்கும் இன்னும் ஆகவில்லை என்று கொம்பையா அந்த வயரைப் பிடித்து இழுத்தான். குருவையா அண்ணன் பிள்ளைகுட்டிக்காரர், அவருக்கு எதற்கு? ஆனால் நல்ல இடம் எதுவோ அது முதல் வீட்டுக்குத்தான் என்று அவரும் பாய்ந்தார். எனக்குக் கிடைத்ததை விட்டுக்கொடுக்க நான் என்ன முட்டாளா? நாலு பேரும் இழுத்த இழுப்பில் நாலு வயரும் அறுந்தது.

பெண்டுகள் வேனில் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். காரை மாமனார் வாசலிலேயே விட்டுவிட்டு நாங்கள் பஸ்ஸுக்கு நின்றோம். பஸ் வந்தது. நீ ஏறு, நீ ஏறு என்று நாலு பேரும் கடைசியாக ஏறுவதற்கு விட்டுக்கொடுத்து நின்றதில் அது போய்விட்டது. அடுத்ததும் போய்விட்டது. சரி, நடந்தே போவோம் என்று கிளம்பினோம். முன்னால் போக யாருக்கும் மனசில்லை. கொம்பையா எனக்குப் பின்னால் வந்தான், நான் அவனுக்குப் பின்னால் போனேன், எங்கள் இரண்டு பேருக்கும் பின்னால் வெயிலுகந்தான், அவனுக்கும் பின்னால் அண்ணன். இப்படியே ஒருத்தனுக்குப் பின்னால் ஒருத்தன் போய்ப் போய், பொழுது சாயும்போது நாலு பேரும் மறுபடி மாமனார் வீட்டு வாசலில் வந்து நின்றோம்.