சேங்கொட்டை மீசை

கரட்டுமலைக் காட்டில் இருந்தது ஒரே ஒரு தாமரைக் குளம். சித்திரை வெயிலில் மற்ற குட்டைகளெல்லாம் வெடித்துப் பாளம் பாளமாகிவிட, அதில் மட்டும் முழங்கால் அளவு தண்ணீர் இருந்தது. யாருடைய முழங்கால் என்று கேட்கக் கூடாது. அங்கே குடியிருந்த மழையாண்டி என்ற தேரைக்குத் தன் முழங்கால்தான் கணக்கு.

மழையாண்டியின் தோல் கொப்புளம் கொப்புளமாக இருக்கும். பிறவியிலேயே அப்படித்தான்.

ஒருநாள் காலை, குரங்குத் தலைவன் செங்கோடன் குளத்துப் பாறையில் உட்கார்ந்து எதையோ நசுக்கிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் பக்கத்து மலைக் கூட்டத்தோடு எல்லைப் பேச்சு. அந்தக் கூட்டத்தின் தலைவனுக்குக் கருகருவென்று மீசை உண்டாம். செங்கோடனுக்கு மீசை இல்லை. ஆகவே வரைந்துகொள்வதென்று முடிவு செய்திருந்தது.

கல்லிடுக்கிலிருந்து எட்டிப் பார்த்த மழையாண்டி பதறிப்போனது.

"தலைவரே! அது சேங்கொட்டை! அதன் எண்ணெய் பட்டால் தோல் புண்ணாகும்! உடனே தண்ணீரில் இறங்கிக் கழுவும்!"

"அழகைப் பற்றி நீ பேசுகிறாயா? குளத்தில் உன் முகத்தை என்றைக்காவது பார்த்திருக்கிறாயா?"

"அங்கேதான் குடியிருக்கிறேன், தலைவரே! பார்க்காமல் எப்படி?"

செங்கோடன் காது வரை இரண்டு இழுப்பு இழுத்தது. சாறு காற்றுப்பட்டதும் கறுத்தது. மீசை பிரமாதமாக வந்துவிட்டது.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம். தினமும் ஏழு மூத்த குரங்குகள் தலைவனுக்குப் பேன் பார்க்கும். ஆறு பேர் முகத்துக்கு. முகத்தருகே இருந்தால்தான் காதில் கோள் சொல்ல முடியும். பவளாத்தாள் என்ற ஏழாவது குரங்குக்குக் கோள் சொல்லத் தெரியாது. அதனால் அதற்கு வால்தான் கிடைத்தது.

அன்று ஆறு பேரும் புது மீசையைத் தடவித் தடவிப் புகழ்ந்தார்கள்.

மறுநாள் ஒன்றும் ஆகவில்லை.

"எங்கேயடா புண்? எங்கேயடா புண்?" என்று செங்கோடன் குளத்தைச் சுற்றிச் சுற்றி வந்து கேட்டது. மழையாண்டி தண்ணீருக்குள் போய்விட்டது.

மூன்றாம் நாள் காலை செங்கோடன் தண்ணீர் குடிக்கக் குனிந்தது. தூக்கத்திலிருந்து திடுக்கிட்டுத் துள்ளிய மழையாண்டி, நேராக அதன் கன்னத்தில் போய் மோதியது. மத்தியானத்துக்குள் செங்கோடனின் உதடு பலாச்சுளையாகிவிட்டது. கன்னம் பூசணிக்காய். அதன் விரல்களும் ஆறு மூத்தவர்களின் விரல்களும் வாழைக்காய்களாக வீங்கின. காடு முழுக்க வறட் வறட் என்று சொறிகிற சத்தம்.

வைத்தியம் தெரியுமென்று தானே சொல்லிக்கொள்ளும் நரி நாட்ராயன் ஓடி வந்தது. மழையாண்டி குடியிருந்த குளிர்ந்த கல்லிடுக்கின் மேல் அதற்கு வெகுநாளாகக் கண்.

"கடைசியாக உங்களைத் தொட்டது யார், தலைவரே?"

"தேழை! தேழை!" என்றது செங்கோடன். உதடு அவ்வளவுதான் ஒத்துழைத்தது.

"அதன் தோலைப் பாருங்கள்! அந்தக் கொப்புளம்தான் உங்கள் முகத்துக்கு வந்திருக்கிறது! உங்களைத் தொட்டவர்களுக்கும் தொற்றிவிட்டது! விரட்டுங்கள் அதை!"

பொழுது சாய்வதற்குள் மழையாண்டி குளத்தைவிட்டுப் போக வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அந்த வெயிலில் ஈரமில்லாத கரட்டில் ஒரு தேரை அரை நாள் தாங்காது. ஆனாலும் மழையாண்டி விடவில்லை.

"என்னால் வந்தது என்றால் நான் தொடாத இந்த ஆறு பேருக்கு எப்படி வந்தது? தலைவரிடமிருந்து தொற்றியது என்றால், அவருடைய வாலைப் பிடித்த பவளாத்தாளுக்கு ஏன் வரவில்லை? மீசையைத் தொட்ட விரல்தானே வீங்கியிருக்கிறது!"

"வாயாடி!" என்றது நரி.

"சரி, வைத்தியரே! என் தோல்தான் விஷம், மீசை சுத்தம் என்கிறீர். நீரும் ஒரு மீசை வரைந்துகொள்ளும். நான் உமது தலையில் ஏறி உட்காருகிறேன். இரண்டு நாள் கழித்து எந்த இடம் வீங்குகிறது என்று பார்ப்போம்!"

எல்லோரும் நரியைப் பார்த்தார்கள். மறுத்தால் வைத்தியர் பட்டம் போய்விடும். நரி மென்று விழுங்கிவிட்டு மூக்கைக் காட்டியது. மிச்சமிருந்த கொட்டையைப் பவளாத்தாள் குச்சியால் நசுக்கி, கையில் படாமல் வரைந்தது.

மழையாண்டி நரியின் உச்சந்தலையில் ஏறியது. அது காய்ந்து போகாதிருக்க மேலே ஈரத் தாமரை இலை ஒன்றைக் கவிழ்த்தார்கள். தலையில் இலை, இலைக்குள் தேரை, மூக்கில் மீசை என்று நரி இரண்டு நாள் உலாவியது. எதிரே வந்த முயல்கள் ஓடக்கூட மறந்து நின்றன.

முதல் நாள் முழுக்க ஒன்றுமில்லை. "பார்த்தாயா? மீசை சுத்தம்!" என்று நரி கெக்கலித்தது.

"எண்ணெய்க்கு அவசரம் கிடையாது, வைத்தியரே!" என்றது தலைமேலிருந்த குரல்.

மூன்றாம் நாள் விடிந்தபோது நரியின் மூக்கு கத்தரிக்காயாகத் தொங்கியது. பவளாத்தாள் இலையைத் தூக்கிப் பார்த்தது. தேரை உட்கார்ந்திருந்த இடத்தில் ரோமம் பளபளவென்று இருந்தது. ஒரு தடிப்புக்கூட இல்லை.

நரி மூக்கைத் தேய்த்துக்கொண்டே காட்டுக்குள் ஓடியது. தேய்த்த காலும் இரண்டு நாள் கழித்து வீங்கியதாகக் கேள்வி.

செங்கோடன் தலைகுனிந்து நின்றது. "மழையாண்டி, குளம் உன்னுடையது. இன்று முதல் எனக்குச் செய்யும் மரியாதை உனக்கும் உண்டு. மூத்தவர்களே, இவருக்குப் பேன் பாருங்கள்!"

ஆறு பேரும் ஓடி வந்தார்கள். ஒரு முடிகூட இல்லாத முதுகில் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் விழித்தார்கள்.

"முதலில் எல்லோரும் போய்க் கையைக் கழுவிவிட்டு வாருங்கள்!" என்றது மழையாண்டி.

உடம்பு அரிக்கும்போது பக்கத்தில் நிற்பவனைப் பழிக்காமல், இரண்டு நாளுக்கு முன் நம் கை எதைத் தொட்டது என்று நினைத்துப் பார்ப்பதே அறிவு.