ஓணான் காத்த கோட்டை

அந்தக் காலத்தில், மரமும் விலங்கும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்தபோது, ஓணானுக்குப் பெரிய குரல் இருந்தது. மலைமேல் அது கத்தினால் கீழே வயலில் உழுகிற மாடு நின்று திரும்பிப் பார்க்கும். அதனால்தான் செம்பாறைக் கோட்டையின் தலைவர் மாலையப்பர் அதை வாசல் காவலுக்கு வைத்தார். எதிரி வந்தாலும் சரி, ஆடு வந்தாலும் சரி, "போ அந்தப் பக்கம்!" என்று ஒரே அதட்டல்தான்.

தலைவரின் மனைவி ராக்கு நாச்சியாருக்கு மட்டும் நிம்மதியே இல்லை. தினமும் வாசலுக்கு வந்துவிடுவார்.

"யாரையாவது உள்ளே விட்டாயா? உண்மையைச் சொல்லு. ஓர் எறும்பு நுழைந்தாலும் உன் வேலை போச்சு. அப்புறம் வேலி முள்ளில்தான் கிடக்கணும்."

"விடவில்லை தாயே" என்று ஓணான் நடுங்கும். வெதுவெதுப்பான வாசல் சுவரை விட்டுப் போக யாருக்கு மனசு வரும்?

ஒரு கோடையில் மைனாவின் எச்சத்தோடு அரச விதை ஒன்று படியில் விழுந்தது. கடுகளவுகூட இல்லை.

"அண்ணே, பாறை சுடுது. சுவரிலே ஒரு கீறல் கொடு. மழை வந்ததும் போய்விடுகிறேன்" என்று விதை அழுதது.

"போ" என்று சொல்ல ஓணான் வாயைத் திறந்தது. வதங்கிக் கிடந்த விதையைப் பார்த்ததும் சொல்ல வரவில்லை. "வா" என்று சொல்லவும் முடியாது. மதில்மேல் நாச்சியார் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஓணான் இரண்டு பக்கமும் பார்த்தது. வாயை இறுக்க மூடிக்கொண்டு, தலையை மேலும் கீழும் ஆட்டியது. விதை இடுக்கில் புகுந்துகொண்டது.

மழை வந்தது. விதை போகவில்லை. "அடுத்த மழைக்கு, அண்ணே" என்று வேர்விட்டது. வருடங்கள் போயின; நாச்சியார் எட்டிப் பார்க்காத வெளிப்பக்கத்தில் அது மரமாகிவிட்டது. ஓர் ஐப்பசியில் மதில் பிளந்து சரிந்தது. நல்லவேளை, எல்லோரும் நாற்று நடக் கீழே போயிருந்தார்கள்.

நாச்சியார் மூச்சிரைக்க ஓடி வந்தார். "இந்த மரத்தை விட்டது யாரு? நீயா?"

மைனாமேல் பழி போட்டிருக்கலாம். ஆனால் ஓணான் நடந்ததைச் சொல்லி, அன்று ஆட்டியதுபோலவே தலையை மேலும் கீழும் ஆட்டிக் காட்டியது.

பின்னாலேயே வந்த மாலையப்பர் விழுந்து விழுந்து சிரித்தார். "பீரங்கிக்கு அசையாத மதிலைத் தலையாட்டியே சாய்த்துவிட்டானே!"

"சிரிப்பு என்ன வேண்டிக் கிடக்கு?"

"இனி ஆற்றங்கரையில் வீடு கட்டலாம், நாச்சி. இந்த மலையேறி என் முழங்கால் தேய்ந்தே போச்சு."

நாச்சியாருக்கும் முட்டி வலிதான். சட்டிபானையை எடுத்துக் கட்டத் தொடங்கினார்.

சட்டிபானையோடு எல்லோரும் இறங்கினார்கள். ஓணானும் வேலியைப் பார்த்து நடந்தது.

"எங்கே கிளம்பிட்டே?" என்றார் நாச்சியார். "பாதிச் சுவர் நிற்குதே, அதிலேயே இரு. கதவில்லாத வாசலில் யாரைத் துரத்தப் போகிறாய்? வருகிறவர்களை உள்ளே கூப்பிடு. ஆனால் வாயை மட்டும் திறக்காதே. நீ கத்தினால் மிச்சமும் விழுந்துடும்!"

அன்று முதல்தான் ஓணானுக்குக் குரல் போனது. அன்று முதல்தான் அது இடிந்த மதில்மேல் உட்கார்ந்து, வருகிற ஆட்டையும் ஆளையும் தலையாட்டி உள்ளே கூப்பிடுகிறது.