மடைப்பள்ளியை விட்டுப்போன மாசிலாமணியார்

கோநல்லூர்ப் பசுபதிநாதரைக் கும்பிட்டவர்கள் எத்தனையோ பேர். அந்நாளில் அந்தச் சாமிக்குச் சோறு வடித்தவர் மாசிலாமணியார் ஒருவர்தான். ஆகையால் அவர் கதையைக் கருவறையில் தொடங்காமல், கோயிலின் தென்கிழக்கு மூலையில் புகை அடைந்து கறுத்துக் கிடக்கும் மடைப்பள்ளியில் தொடங்குவதே முறை.

கோழி கூவுமுன் குளித்து, ஈர வேட்டியோடு தண்ணீர் இறைத்து, அடுப்பு மூட்டுவார். மூச்சுக்காற்று பட்டுவிடக் கூடாதென்று வாயைத் துணியால் கட்டிக்கொண்டு சமைப்பார். படைக்குமுன் ருசி பார்க்கக் கூடாது, வாசனை பிடிக்கவும் கூடாது. பண்டாரக் குடும்பம், தகப்பனார் பிடித்த கரண்டிதான் அது. மாசிலாமணியார் பள்ளியில் உயிரியல் பாடத்தை ஆசை ஆசையாகப் படித்து நல்ல மதிப்பெண் வாங்கியவர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையில் தகப்பனார் காலமானார். புத்தகம் பரணுக்குப் போயிற்று, கரண்டி கைக்கு வந்தது. அதற்காக அவர் முகம் சுளித்ததாக யாரும் சொல்லவில்லை.

அவருக்கு இருந்தது ஒரே குறை. சோறு வடிக்கிறவருக்குச் சாமியைப் பார்க்க நேரம் வாய்ப்பதில்லை. நைவேத்தியத்தைத் திரை மறைத்த அர்த்தமண்டப வாசலில் இறக்கிவைத்துவிட்டுத் திரும்பினால் அடுத்த வேளைக்கு அரிசி களைய வேண்டும். தீபாராதனை மணி கேட்கும்போது அவர் அடுப்படியில் நிற்பார். மணி வந்த பக்கம் திரும்பிக் கும்பிடுவார். எதிரே புகைதான் இருக்கும்.

"ஊரே ஒன்னப் பாத்துட்டுப் போவுது. எனக்கு மட்டும் பொகையக் காட்டுற" என்று சொல்லிச் சிரித்துக்கொள்வார். சிரிப்பாரே தவிர, ஒரு நாளாவது எதிரே நின்று ஆற அமரப் பார்க்க வேண்டும் என்ற ஏக்கம் அவரை விட்டதில்லை.

அந்தக் கோயிலில் விடியற்காலையில் நடை திறக்கும்போது முதலில் உள்ளே போவது மனிதரல்ல, பசு. சாமி கண்விழித்ததும் பசுவைத்தான் பார்க்க வேண்டும் என்பது வழக்கம். அப்படித் தினமும் போய்வந்த பசுவுக்குச் சீதேவி என்று பெயர். மடைப்பள்ளி வாசலைக் கடக்கும்போது அது ஒரு கணம் நின்று மாசிலாமணியாரைப் பார்த்துவிட்டுப் போகும். "பாத்தியா? நல்லாருக்காரா?" என்று அதனிடம்தான் அவர் சாமியின் நலம் விசாரிப்பார்.

ஒரு சனிப்பிரதோஷம் வந்தது. கூட்டமென்றால் அப்படியொரு கூட்டம். அண்டா அண்டாவாகச் சர்க்கரைப் பொங்கல் ஆக்கினார் மாசிலாமணியார். பிரதோஷத்தன்று பசுவுக்கு ஒரு வாய் கொடுத்தால் பாவம் தீரும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. ஆளாளுக்குத் தொன்னையில் பொங்கலை வாங்கி நேரே சீதேவியிடம் போனார்கள். அதுவும் வாங்கி வாங்கித் தின்றது. கடைசியில் அண்டா அடியில் ஒட்டியிருந்ததை வழித்து, பாசத்தோடு ஊட்டியவர் மாசிலாமணியாரேதான்.

மறுநாள் காலை சீதேவி எழுந்திருக்கவில்லை. வயிறு உப்பி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு கிடந்தது. கண் பட்டுவிட்டது என்று சூடம் சுற்றினார்கள். எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். அதெல்லாம் ஆன பிறகுதான் யாருக்கோ டாக்டர் ஞாபகம் வந்தது. வேறொரு ஊரில் பிரசவம் பார்த்துவிட்டுக் கால்நடை டாக்டரம்மா வந்து சேர்ந்தபோது உச்சி வெயில்.

"நேத்து என்னங்க போட்டீங்க?"

"பொங்கலு. சாமி பிரசாதம்ங்க."

"எவ்ளோ?"

எல்லாரும் போட்டிருந்தார்கள், எல்லாரும் கொஞ்சம்தான் போட்டிருந்தார்கள்.

"மாட்டு வயிறு புல்லுக்குன்னு அமைஞ்ச வயிறுங்க. இவ்ளோ சோறு உள்ள போனா புளிச்சு வெஷமாயிடும். காலையிலயே சொல்லியிருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்றார் டாக்டரம்மா. ஊசி போட்டுப் பார்த்தார். சீதேவி மாசிலாமணியார் மடியில் தலைவைத்து உயிரை விட்டது.

"சாமி சோறு தின்ன மாடு எங்கயாவது சாவுமா? அதுக்கு ஆயுசு அவ்வளவுதான்" என்று தீர்ப்புச் சொன்னார் கோயில் நிர்வாகத்தைப் பார்த்துவந்த மணியம் குஞ்சிதபாதம் பிள்ளை. ஊருக்கு அது ஆறுதலாக இருந்தது. மாசிலாமணியாருக்கு இல்லை. சாமிக்கென்று தாம் ஆக்கிய சோறு சாமியின் பசுவைக் கொன்றுவிட்டது. பொங்கல் பொங்கும்போதெல்லாம் அந்தப் பல் கடிக்கும் சத்தம் காதில் கேட்டது. அந்த வயிற்றுக்குள் என்னதான் நடந்தது, எப்படித் தடுத்திருக்கலாம் என்று தெரிந்துகொள்ளாமல் இனிக் கரண்டியைத் தொட முடியாது என்று தோன்றியது. பரணிலிருந்து புத்தகத்தை இறக்கினார்.

மாட்டு டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்று அவர் சொன்னதும் ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. "அடுப்பு ஊதுற வாயி, இனிமே மாட்டுக்கு மருந்து ஊதப் போவுதாக்கும்!" என்றார் மணியம். தாயார் அபரஞ்சியம்மாள் சிரிக்கவில்லை.

"சாமியப் பட்டினி போட்டுட்டா போற?"

"அத்த மவன் சிவசண்முகம் இருக்கான்லம்மா. அவன் வடிப்பான்."

"அவன் வடிச்சா அது சோறு. நீ வடிச்சாத்தான்டா அமுது."

இந்தச் சொல் அவரை உலுக்கிவிட்டது. ஊர் சிரித்தால் துடைத்துப் போட்டுவிடலாம். சாமியை விட்டுவிட்டுப் போகிறோமோ என்று தமக்கே தோன்றினால் என்ன செய்வது? உத்தரவு கேட்போம் என்று, ஒரு நாள் நடை சாத்துமுன் ஓடிப்போய்க் கருவறை எதிரே ஒரு கணம் நின்றார். பூ விழவில்லை. பல்லி சொல்லவில்லை. விளக்கு அசையவில்லை. கல் கல்லாகவே இருந்தது. இப்படிச் சொல்லக் கூடாதுதான். ஆனாலும் நடந்ததைச் சொல்ல வேண்டுமே! அடியவரைத் தவிக்கவிட்டுப் பார்ப்பதில் நம் பசுபதிநாதருக்கு என்றைக்குமே ஒரு ருசி உண்டு.

"சரி. போன்னு சொல்லல, போவாதன்னும் சொல்லல" என்று விழுந்து கும்பிட்டு எழுந்தார் மாசிலாமணியார்.

முதல் வருடம் இடம் கிடைக்கவில்லை. அடுத்த வருடம், வயது வரம்பைத் தாண்டிவிடும் நேரத்தில், தூரத்து நகரத்தின் கால்நடை மருத்துவக் கல்லூரியில் கிடைத்தது. உடன் படித்த பிள்ளைகள் எல்லாரும் அவரைவிட இளையவர்கள். எங்கிருந்து வந்தார் என்று தெரிந்ததும் 'பொங்கல் அண்ணே' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பாடமெல்லாம் ஆங்கிலத்தில். அவருக்கோ ஒரு பக்கம் படிப்பதற்குள் கண்ணைக் கட்டிவிடும். ஒரு பாடத்தில் தோற்று மறுபடி எழுதினார்.

உடற்கூறு வகுப்பில் மருந்தில் ஊறிய மாட்டுடல் மேசைமேல் கிடந்தது. புலால் வாசனையே அறியாத குடும்பத்துப் பிள்ளை முதலில் அதைக் கைகூப்பிக் கும்பிட்டார். "ஆத்தா, ஒன்ன அறுத்துத்தான் ஒன் இனத்தைக் காப்பாத்தக் கத்துக்கணும்னு இருக்கு. பொறுத்துக்க" என்று முணுமுணுத்துவிட்டுக் கத்தியை எடுத்தார். பக்கத்தில் நின்ற பிள்ளைகள் அன்று சிரிக்கவில்லை.

உச்சிக்கால பூசை நேரம் வந்தால் மட்டும் அவரால் தாங்க முடியாது. வகுப்பில் இருந்தாலும் தொழுவத்தில் இருந்தாலும் கை தானாகக் கரண்டியைத் தேடும். இந்நேரம் உலை கொதித்திருக்கும், சிவசண்முகம் அரிசியைப் பதமாக இறக்கினானோ என்னவோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். மணிச் சத்தம் எட்டாத தூரத்தில் இருந்துகொண்டு, கோநல்லூர் இருக்கும் திசைக்குத் திரும்பிக் கும்பிடுவார். மடைப்பள்ளியில் புகையாவது இருந்தது. இங்கே அதுவும் இல்லை. 'உன் பக்கத்தில் இருந்தபோது பார்க்க முடியவில்லை என்று அழுதேன். இப்போது பக்கத்தில் இருந்ததை நினைத்து அழுகிறேன்' என்று சாமியிடம் முறையிடுவார். அழுதுகொண்டே படித்தார்.

விடுமுறைக்கு ஊர் வந்தவர் பையை வீட்டில் போட்டுவிட்டு மடைப்பள்ளிக்கு ஓடினார். ஒரு வேளையாவது தம் கையால் வடிக்கலாமென்று ஆசை. மணியம் வழியை மறித்தார்.

"செத்த மாட்ட அறுத்த கையி. மடைப்பள்ளிப் பக்கம் வராத தம்பி. கும்புடணும்னா கொடிமரத்தோட நின்னு கும்புட்டுக்க."

பக்கத்தில் நின்ற சாம்பமூர்த்தி குருக்கள் எங்கேயோ பார்த்தார். மாசிலாமணியார் குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டு கொடிமரத்தோரம் போய் நின்றார். அங்கிருந்து பார்த்தால் நந்தியின் முதுகும், உள்ளே தூரத்தில் ஒரு பொட்டு வெளிச்சமும்தான் தெரியும். 'மாட்டுக்குப் பின்னால் நிற்கிற வேலையை நானாகத்தானே கேட்டு வாங்கினேன்' என்று மனத்தைத் தேற்றிக்கொண்டார். ஒவ்வொரு விடுமுறையிலும், படிப்பு முடிந்த பிறகும்கூட, அந்த இடம்தான் அவருக்கு.

பட்டம் வாங்கி, பக்கத்து ஊர்க் கால்நடை மருந்தகத்துக்கே டாக்டராக வந்தார். ஆடு, மாடு, கோழியென்று நாள் முழுக்கக் கைநிறைய வேலை. கோநல்லூருக்கு வரும்போதெல்லாம், "கோயில் மாட்டுக்கு அகத்திக்கீர குடுங்க, புல்லுக் கட்டு குடுங்க. பொங்கல் மட்டும் வேணாம்" என்று கெஞ்சுவார். "படிச்சுட்டு வந்து பிரசாதத்தையே வெஷங்கிறான் பாரு" என்று ஊர் முகத்தைத் திருப்பிக்கொண்டது. "நீ போனதுலேருந்து சாமி மொகத்துல களையே இல்லடா" என்று சொல்வதை அபரஞ்சியம்மாளும் விடவில்லை. மருந்தகத்தில் மாட்டைத் தொடும்போதெல்லாம், இதை உனக்குச் செய்ததாக நீ எடுத்துக்கொள்கிறாயா இல்லையா என்று மாசிலாமணியார் மனத்துக்குள் கேட்டபடியே இருந்தார். பதில் வந்ததில்லை.

அப்போது கோயிலில் வெள்ளச்சி என்றொரு பசு, யாரோ நேர்ந்துவிட்டது. மார்கழிப் பிரதோஷத்துக்கு மறுநாள் விடியலில் அதை உள்ளே ஓட்டிப்போனார்கள். தள்ளாடித் தள்ளாடி நடந்த பசு, மகாமண்டபத்தில், கருவறைக்கு நேர் எதிரே மடங்கி விழுந்தது. வயிறு உப்பியிருந்தது. பல்லைக் கடித்தது.

"மாசிலாமணிக்குச் சொல்லி அனுப்புங்கோ" என்றார் குருக்கள்.

"அவனையா? உள்ளயா?" என்றார் மணியம்.

"பின்னே, மாட்டை நீர் தோள்ல தூக்கிண்டு வெளியில போறீரா?"

மாசிலாமணியார் மருந்துப் பெட்டியோடு ஓடிவந்தார். கொடிமரத்தைக் கண்டதும் கால் பழக்கத்தில் நின்றுவிட்டது. "ஏன்டா அங்கயே நிக்கறே? உள்ள வா, வா!" என்று குருக்கள் கத்தினார். எத்தனையோ வருடமாக ஏங்கிய அந்த மண்டபத்துக்குள் ஓடினார். நடை விரியத் திறந்திருந்தது. உள்ளே விளக்கு நின்று எரிந்தது. அவர் கண்ணில் பட்டது பசு மட்டும்தான். சாமிக்கு முதுகைக் காட்டி அதன் பக்கத்தில் மண்டியிட்டார்.

வாயில் கட்டையைக் கொடுத்துப் பிளந்து, குழாயை வயிறுவரை இறக்கினார். "வெந்நீர் கொண்டாங்க, சுருக்கா!" என்றார். மடைப்பள்ளியிலிருந்து வெந்நீர் சுமந்தவர்களில் மணியமும் ஒருவர். ஊற்றுவதும், தலையைத் தாழ்த்தி வடிப்பதுமாக வேலை நடந்தது. புளித்த பொங்கல் நாற்றமெடுத்து மண்டபமெல்லாம் ஓடியது. சோடா உப்பைக் கரைத்து உள்ளே விட்டார். குளுக்கோஸ் பாட்டிலை மாட்ட இடம் தேடியபோது, "இதுல மாட்டு" என்று சரவிளக்கின் சங்கிலியைப் பிடித்து இழுத்துக் கொடுத்தார் குருக்கள். வேட்டி நனைந்து, முழங்கை வரை சாணமும் சோறுமாக, ஒரு கையை வெள்ளச்சியின் விலாவிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தார் மாசிலாமணியார்.

வெயில் ஏறியபின் வெள்ளச்சி காதை ஆட்டியது. பெரிதாக ஓர் ஏப்பம் விட்டது. பிறகு முன்காலை ஊன்றித் தானாக எழுந்து நின்றது. கூட்டம் ஓவென்று கத்தியது.

"இன்னிக்கு இதுக்கு ஒண்ணும் குடுக்காதீங்க. வயிறு ஆறட்டும். தண்ணி மட்டும் வைங்க" என்று சொல்லிவிட்டு, குழாய்களைச் சுருட்டிக்கொண்டு வெளியே நடந்தார். மண்டபத்தைக் கழுவுவதற்காக நடையைச் சாத்தினார்கள். கோபுர வாசலுக்கு வந்து வண்டிச் சாவியைத் தேடியபோதுதான் அவருக்கு உறைத்தது. நடை திறந்தே இருந்தது, சாமி கை எட்டும் தூரத்தில் இருந்தார். ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மாசிலாமணியார் வாசற்படியிலேயே உட்கார்ந்து விக்கி விக்கி அழுதார்.

உள்ளே மண்டபம் கழுவி முடிந்ததும் சிவசண்முகம் நைவேத்தியத்தைக் கொண்டுவந்து வைத்தான். குருக்கள் மணியை எடுத்தார். காதில் கேட்டதா, நெஞ்சில் கேட்டதா என்று அவராலேயே பின்னால் சொல்ல முடியவில்லை. கேட்டது இதுதான்:

"எனக்கு வேண்டாம். நேற்று இரவெல்லாம் பொறுக்க முடியாத வயிற்றுவலி. இப்போதுதான் ஆறியிருக்கிறது. இன்று ஒன்றும் தரக் கூடாது, தண்ணீர் மட்டும்தான் என்று மாசிலாமணி சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்."

குருக்கள் மணியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். ஊரே பின்னால் ஓடிவந்தது.

"நான் பாக்கவே இல்லையே, சாமி" என்று தேம்பினார் மாசிலாமணியார்.

"நீ எப்படிடா பார்ப்பே? விடிஞ்சதுலேருந்து அவர் வயித்துல கையை வச்சிண்டுன்னா உக்காந்திருந்தே!" என்று சொல்லி, கேட்டதைக் கேட்டபடி சொன்னார் குருக்கள். சாணம் காயாத அந்தக் கையைப் பிடித்துத் தம் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மணியம் தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த அபரஞ்சியம்மாள் மகன் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார்.

"ஒன்னும் தின்னமாட்டேங்கிறாராம்டா" என்றார், முந்தானையால் மகன் முகத்தைத் துடைத்தபடி. "நீ சொல்லிட்டியாம்."

இன்றும் கோநல்லூரில் பிரதோஷத்துக்கு மறுநாள் காலையில் மடைப்பள்ளி அடுப்பு எரிவதில்லை. சாமிக்கு ஒரு செம்புத் தண்ணீர்தான். தம் தலைவனைப் பார்க்க ஏங்கி, பாராமலே தொட்டு நோய் தீர்த்த மாசிலாமணியாரின் கைகள் வாழ்க.