பரிவு என்ற பாடம்

கிளிநொச்சியில் நிரோஜன் என்றொரு பௌதிகவியல் ஆசிரியர் இருந்தார். முப்பது வயதும் ஆகாதவர். தனியார் கல்வி நிலையமொன்றில் உயர்தர (ஏஎல்) வகுப்புகளுக்குக் கற்பித்தார். அவரிடம் படித்தவர்களில் ஒருவர் மட்டும் அவரைவிட மூத்தவர். பெயர் யோகராணி.

அவர் வந்த விதம் இது.

கஜானி என்ற மாணவி சில வாரங்களாக வகுப்புக்கு வரவில்லை. தகப்பன் நெஞ்சுவலியில் திடீரென்று போய்விட்டார் என்று நிரோஜன் கேள்விப்பட்டிருந்தார். ஒரு மாலை, வகுப்பு தொடங்கும் நேரம், அவளுடைய தாய் யோகராணி வாசலில் வந்து நின்றார்.

"சேர், பிள்ளை வரமாட்டன் எண்டு படுத்துக் கிடக்கிறாள். அவளின்ர கதிரை சும்மாதானே கிடக்கு. நான் இருக்கலாமோ?"

"நீங்களோ, அக்கா?"

"நான் ஏஎல் படிக்கேக்கை இடம்பெயர்ந்து போனம். அதோட விட்டது. கொஞ்சம் விளங்கும். கேட்டுக்கொண்டு போய் அவளுக்குச் சொல்லுவன்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நிரோஜன் கதிரையைக் காட்டினார்.

யோகராணிக்கு விளங்கியது பாதி. அந்தப் பாதியைக் கொண்டுபோய், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்த மகளின் முதுகுக்குச் சொன்னார். காய் வெட்டிக்கொண்டு சொன்னார். உடுப்பு மடித்துக்கொண்டு சொன்னார். முதுகு பதில் பேசவில்லை. மறுநாளும் வகுப்புக்கு வந்தார், மறுநாளும் சொன்னார்.

ஒருநாள் சாய்தளத்தில் வழுக்கும் கட்டையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கட்டை கீழே வருகிறது, ஆகவே உராய்வும் கீழ்நோக்கித்தான் என்றார்.

"பிழை அம்மா," என்றாள் மகள், திரும்பாமலே. "கட்டை கீழ வழுக்கினா உராய்வு மேல்நோக்கி."

அடுத்த வகுப்புக்கு யோகராணி எல்லோருக்கும் முன்னே வந்துவிட்டார்.

"சேர், வாய் திறந்திட்டாள்!"

"என்ன சொன்னவ?"

"நான் சொன்னது பிழையாம்."

இருவரும் சிரித்தார்கள். யோகராணி சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதன்பிறகு தெரிந்ததையும் வேண்டுமென்றே மாற்றிச் சொல்லத் தொடங்கினார். மகளுக்குப் பொறுக்கவில்லை. முதலில் எழுந்து உட்கார்ந்து திருத்தினாள். பிறகு பேனையை வாங்கி வரைந்து காட்டினாள். பிறகு ஒருநாள் தலையை வாரிக்கொண்டு தாயோடு வகுப்புக்கு வந்தாள்.

மகள் வந்த பின்னும் தாய் வருவதை நிறுத்தவில்லை. அவருக்கு அதற்குள் ஆசை பிடித்துவிட்டது. இன்னொரு கதிரை போடச் சொன்னார். பௌதிகவியல் ஒரு பாடத்துக்கு மட்டும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பித்தார். பரீட்சையன்று மகள் சைக்கிள் மிதிக்க, தாய் பின்னால் இருந்து சூத்திரங்களை முணுமுணுத்துக்கொண்டு போனார்.

பெறுபேறு வந்தது. கஜானி மற்ற இரண்டு பாடங்களிலும் சித்தியடைந்திருந்தாள். பௌதிகவியலில் எஃப்.

யோகராணிக்கு சி.

அவர் நிரோஜனைத் தேடி வந்தபோது வகுப்பறையில் வேறு யாரும் இருக்கவில்லை.

"வாழ்த்துகள், அக்கா."

"சத்தமாச் சொல்லாதேங்கோ, சேர்."

கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்.

"கஜானி எப்பிடி இருக்கிறா?"

"எனக்கும் எஃப் எண்டு அவளுக்குச் சொல்லிப்போட்டன். என்ர பரீட்சைச் சுட்டெண் அவளுக்குத் தெரியாது. உங்களிட்டைக் கேட்டா நீங்களும் அப்பிடியே சொல்லோணும்."

"ஏன் அக்கா?"

"பெத்த பிள்ளை விழுந்து கிடக்கேக்கை நான் பாஸ் எண்டு எந்த வாயாலை சொல்லுறது? அவளின்ர கதிரையிலை இருந்தெல்லோ படிச்சனான்."

நிரோஜன் ஒரு கதிரையை இழுத்து அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"மனம் ஆறட்டும் எண்டுதான் சொன்னனான், சேர். அவள் என்ன சொல்லுறாள் தெரியுமோ? 'இவ்வளவு பாடுபட்டு உங்களுக்கே வரேல்லை, எனக்கு எங்கை வரப்போகுது' எண்டு. இரண்டாந்தரம் எழுதமாட்டாளாம். சாப்பிடுறாள் இல்லை."

யோகராணியின் குரல் இறங்கியது.

"உண்மையைச் சொன்னா உடைஞ்சுபோவாள். சொல்லாட்டி எழும்பமாட்டாள். நான் என்ன செய்ய?"

நிரோஜன் எழுந்தார். இரண்டு கதிரைகளைத் தள்ளித் தள்ளி வைத்து, அவற்றின் முதுகுகளுக்கு இடையே ஒரு நூலைத் தொய்வாகக் கட்டினார். அலுமாரியிலிருந்து இரண்டு பித்தளைக் குண்டுகளை எடுத்து, நீளம் சமமாக இருக்கிறதா என்று பார்த்து, அந்த நூலில் பக்கம் பக்கமாகத் தொங்கவிட்டார். ஒன்றை இழுத்து விட்டார்.

அது ஆடியது. மற்றது சும்மா தொங்கியது. கொஞ்ச நேரத்தில் மற்றதும் மெல்ல அசைந்தது. அதன் ஆட்டம் கூடக் கூட முதலாவதின் ஆட்டம் குறைந்தது. பிறகு முதலாவது ஏறக்குறைய நின்றுவிட, இரண்டாவது வீசி ஆடியது.

"பரிவு," என்றார் யோகராணி. ஒன்றின் ஆட்டம் ஒத்த இன்னொன்றை ஆட்டுவதற்குப் பௌதிகவியலில் அதுதான் பெயர்; துக்கத்திலும் பாடம் வந்தது. "ஒருதரும் தொடத் தேவையில்லை. நூலாலை போகும்."

நிரோஜன் இரண்டையும் பிடித்து நிறுத்தினார்.

"இப்ப நீங்கள் செய்யுங்கோ. முதலாவதை இழுத்துப் பிடியுங்கோ."

யோகராணி எழுந்து வந்து, குண்டை இழுத்துப் பிடித்தார்.

"விடட்டோ?"

"விடாதேங்கோ."

நிரோஜன் குனிந்து இரண்டாவது குண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அது ஆடவில்லை. வெளியே வீதியில் ஒரு பஸ் நின்று ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. யோகராணியின் கை வலிக்கத் தொடங்கியது.

"என்ன சேர் பாக்கிறீங்கள்?"

"மற்றது எப்ப ஆடும் எண்டு பாக்கிறன்."

"நான் இதைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா அது எப்பிடி..."

யோகராணி பாதியில் நிறுத்தினார். மகளுக்குச் சொல்லாமல் பிடித்துவைத்திருந்த அந்த 'சி' நினைவுக்கு வந்தது.

"கையை எடுங்கோ, அக்கா," என்றார் நிரோஜன்.